கடாரத்திற்கு எத்தனை நாழிகை வழி?

ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவை 'நாழிகை வழி' என்றனர் நம் முன்னோர். தொலைவைப் பொழுதால் அளப்பது தமிழ் மரபு. சென்னை நான்கு மணி நேரம் என்று கெடாவில் நாம் இன்று சொல்வதும் அம்மரபின் தொடர்ச்சியே.

1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தின்மீது வந்த காலத்தில், பயண நாளைப் பருவக்காற்று வரையறுத்தது. நாகப்பட்டினத்தில் நீராவிக் கப்பலேறித் தோட்டங்களுக்கு வந்த நம் பாட்டன்மார்க்குக் கடல்வழி ஏறத்தாழ ஒரு வாரம். பெற்றோர் மறைந்த செய்தி கிட்டினும் அவர்கள் சென்று முகங்காண இயலவில்லை.

பினாங்கிலிருந்து சென்னைக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,350 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் வானூர்தி, ஏறி இறங்கும் நேரமும் சேர, ஏறத்தாழ நான்கு மணியில் இதனைக் கடக்கும். ஆயினும் பயணச்சீட்டு, செல்கையில் ஒன்றரை மணி போலவும் மீள்கையில் ஆறரை மணி போலவும் காட்டும். சீட்டில் அச்சிடப்படுவது அவ்வவ்வூர் நேரம். மலேசியக் கடிகாரமோ இந்தியக் கடிகாரத்தினும் இரண்டரை மணி முந்தியது.

ஆதலின், செல்கையில் இரண்டரை மணியைக் கூட்டியும், மீள்கையில் கழித்தும் கணக்கிடுக. தோட்டத்து முதியோர்க்கு வழி சொல்லுங்கால், சீட்டின் மணியை விடுத்து, 'நான்கு மணி நேர வழி' என்றே சொல்வோம்.