நிறத்துக்கும் அயல் உண்டு

சாறி வாங்கப் போகும் நாம், கடைக்குள் எரியும் விளக்கை நம்பி நிறத்தை முடிவு செய்வதில்லை. வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறோம். சட்டைத் துணியைப் பக்கத்தில் வைத்தும் பார்க்கிறோம். ஒளி மாறினால் நிறம் மாறும், அயல் மாறினாலும் மாறும் என்பது நமக்குப் பழக்கத்தில் தெரிந்த உண்மை. நவீன ஓவியத்தின் அடிப்படைகளில் ஒன்றும் இதுவே.

பாரிஸ் நகரின் கோபலன் நெசவுக்கூடத்தில், கறுப்பு நூல் மங்கித் தெரிகிறது என்று முறைப்பாடு வந்தது. அங்கு சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற இரசாயன அறிஞர் ஆராய்ந்து பார்த்தார். சாயத்தில் குறையில்லை; அருகில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்தன. 1839இல் இதை அவர் நூலாக வெளியிட்டார். பின்வந்த ஓவியர்கள் அதைப் பற்றிக்கொண்டனர். வான்கோ 1888இல் ஓர் இரவுக் கோப்பிக்கடையை வரைந்தபோது, மனித மனத்தின் கொடிய உணர்ச்சிகளைக் காட்டவென்றே சிவப்பையும் பச்சையையும் மோதவிட்டார்.

நமது கண்டியில் இந்த அறிவு புதிதல்ல. நாயக்க வம்சத்து மன்னன் கீர்த்தி சிறி இராஜசிங்கன் காலத்தில் உருவான தெகல்தொருவை குகை விகாரைக்கு நான் சென்றபோது, சுவரோவியங்களின் சிவப்புப் பின்னணியே முதலில் கண்ணில் பட்டது. உண்மையில் எந்த நிலமும் வானமும் அப்படிச் சிவந்திருப்பதில்லை. ஆனால் அந்தச் சிவப்பின் மேல்தான் மஞ்சள் மேனியும் வெள்ளை ஆடையும் துலங்குகின்றன. சாதிலிங்கச் சிவப்பு, மரப்பிசின் மஞ்சள், விளக்குக்கரிக் கறுப்பு என்று அக்காலச் சித்திரக்காரர் பயன்படுத்திய வர்ணங்களை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் விபரித்துள்ளார்.

1901இல் கண்டியில் பிறந்த ஜோர்ஜ் கீற், திரித்துவக் கல்லூரியில் படித்தவர். மல்வத்தை விகாரைப் பிக்குகளுடன் நெருங்கிப் பழகியவர். கீழைத்தேயக் கோயிற் சித்திர மரபையும் ஐரோப்பிய நவீன ஓவியத்தையும் தம் தூரிகையில் இணைத்தார். அழுத்தமான கோடுகளுக்குள் அவர் இட்ட நிறங்கள் மேனியின் நிறத்தைவிட மனத்தின் நிலையையே கூடுதலாகச் சொல்கின்றன. 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’விலும் அவர் ஒருவர்.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் தங்கையின் மகள். மாலை வேளை மகாவலியைச் சிவப்பாகத் தீட்டியதற்காக அவளுக்குச் சித்திரப் பாடத்தில் புள்ளி குறைத்தார்கள். “ஆறு நீலந்தானே, பெரியம்மா?” என்று கேட்டவள், அதன்பின் நீலத்தை மட்டுமே தொட்டாள். ஒரு பிள்ளை தான் கண்டதை நம்பாமற் போவது புள்ளியை இழப்பதைவிடப் பெரிய இழப்பு.

நீங்களும் வீட்டில் பிள்ளைகளுடன் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிவப்புத் துணித்துண்டு ஒன்றை அரை நிமிடம் அசையாமல் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைக் கடதாசியைப் பாருங்கள். நீலம் கலந்த பச்சை நிழலொன்று தோன்றும். சிவப்பை உணரும் பகுதி களைத்துவிட, கண் அதன் எதிர்நிறத்தைக் காட்டுகிறது. கடதாசியில் இல்லாத நிறத்தைப் பிள்ளை கண்டதாகச் சொன்னால் அது பொய்யல்ல.

அடுத்த முறை உங்கள் பிள்ளை சிவப்பு ஆற்றையோ ஊதா மரத்தையோ வரைந்து காட்டினால், “பிழை” என்று சொல்லாதீர்கள். “ஏன் இந்த நிறம்?” என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளையிடம் ஒரு பதில் இருக்கும்.