மைனரின் கிளச் ஆட்டம்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது வளைவொன்றில் கொழுந்து லொறி குறுக்கே நிற்கிறது. பின்னால் நிற்கும் மொறிஸ் மைனரில் கிளச்சை அடிவரை மிதித்தும் முதல் கியர் 'கர்ர்' என்று கத்துகிறது. உடனே "கிளச் பிளேட் போய்விட்டது" என்று தீர்ப்பு வந்துவிடும். அவசரத் தீர்ப்பு. பிளேட் தேய்ந்தால் எஞ்சின் இரையும், வண்டி ஏறாது. கியர் விழ மறுப்பது வேறு நோய்: கிளச் முழுதாக விலகவில்லை. மைனரின் முதல் கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தை ஒத்திசைக்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது. குறையை அது மறைக்காது.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் 1948இல் வெளிவந்தது. 1971 வரை 16 லட்சம் வண்டிகள். இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோதெல்லாம் பழைய வண்டியைச் செப்பனிட்டுச் செப்பனிட்டே ஓட்டினோம். 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் வல்லுநர் சார்ல்ஸ் வேர், மைனருக்கான உதிரிப்பாகங்களை இங்கேயே செய்விக்க முன்வந்ததில் வியப்பில்லை.

மைனரின் கிளச்சுக்கு எண்ணெய்க் குழாய் இல்லை. மிதி ஒரு கம்பியை இழுக்கும். கம்பி குறுக்கே கிடக்கும் ஷாஃப்டைத் திருப்பும். அது இன்னொரு கம்பி வழியே கிளச் கையை அசைக்கும். எல்லாம் காரின் தரைத்தகட்டுக்குக் கீழே, மழைக்கும் சேற்றுக்கும் நேரே. கிறீஸ் காணாத இடத்தில் மூட்டை இணைக்கும் பின் ஒருபக்கமாய்த் தேயும், வட்டத் துளை முட்டை வடிவாகும், புஷ் தொளதொளக்கும். மூன்று மூட்டில் அரை மில்லிமீட்டர் வீதம் ஆட்டம் என்று வையுங்கள். கிளச் பக்கத்தில் அது ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் நெம்புகோல் பத்து மடங்கு பெருக்குமானால், காலடியில் ஒன்றரைச் சென்டிமீட்டர் வீணாகிறது.

நோயைக் காண உதவியாள் ஒருவர் போதும். அவர் மிதியை மெல்ல அமுக்க, நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் விரலை வையுங்கள். ஒரு கம்பி நகர்ந்த பிறகும் அடுத்தது சும்மா நிற்கிறதா? தேய்மானம் அங்கேதான்.

புதுப் பாகத்துக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் அலையலாம்; கிடைப்பது இன்னொரு தேய்ந்ததாகவும் இருக்கலாம். நல்ல லேத்காரர் இருந்தால் கவலை இல்லை. முட்டையான துளையை வெல்டிங்கில் நிரப்பி, மையம் பிசகாமல் மீண்டும் துளைப்பார். வெண்கலத்தில் புஷ் கடைவார். பின்னை மட்டும் தடிப்பாகச் செய்து போடுவது எனக்குப் பிடிக்காத வேலை; துளை கோணலாகவே இருக்கும்.

இதையெல்லாம் விட்டு, கம்பியின் நுனியிலுள்ள நட்டை இறுக்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. சில நாள் கியர் சுகமாக விழும். ஆனால் மிதியின் வெற்று அசைவு அறவே இல்லாமல் போனால், கிளச்சை அழுத்தும் கரி வளையம் ஓயாமல் உரசித் தேய்ந்துவிடும். அதை மாற்ற எஞ்சினையோ கியர்பொக்ஸையோ கழற்ற வேண்டும்.