ஆதிகால அடுப்பின் சாம்பல்

ஆளொழிந்த பழைய வீட்டினுள் நுழைகிறவன், அடுப்படியில் குவிந்து கிடக்கும் சாம்பலைக் கொண்டே அங்கே எத்தனை காலம் உலை கொதித்தது என்று ஒருவாறு ஊகித்துவிடலாம். அவ்விதமே, நக்ஷத்திரங்கள் எரிந்து மாய்ந்தபின் விட்டுச்சென்ற கார்பன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் முதலிய மூலகங்களை அளந்து, பிரபஞ்சத்தின் இளம்பருவச் சரித்திரத்தை அறிய முயல்கிறார்கள் வான சாஸ்திரிகள்.

இதற்கு அவர்கள் நாடுவது, மிகத் தொலைவிலிருந்தும் பிரகாசிக்கும் குவாசார்கள் என்னும் பொருள்களை. 1963-ஆம் ஆண்டில் 3சி 273 என்னும் குவாசாரின் நிறமாலையை ஆராய்ந்த மார்ட்டன் ஷ்மிட், அதிலிருந்தவை ஹைட்ரஜனின் பழகிய கோடுகளே என்றும், சுமார் 16 சதவீதம் செந்நிறப் பக்கமாக நகர்ந்திருந்தமையால்தான் அடையாளம் தெரியவில்லை என்றும் கண்டார். அண்டங்களின் நடுவே அமர்ந்த பெருங் கருந்துளைகளைச் சூழ்ந்து சுழலும் வாயுவே குவாசார்களின் ஒளிக்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வாயுவில் நான்கு எலெக்ட்ரான்களை இழந்த நைட்ரஜன் 1240 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்திலும், மூன்றை இழந்த கார்பன் 1549-லும் ஒளிர்கின்றன. இவை புறஊதாக் கிரணங்களாதலால் நமது வாயுமண்டலம் இவற்றைத் தடுத்துவிடுகிறது. அருகிலுள்ள குவாசார்களை இவ்வகையில் ஆராய 1978-இல் ஏவப்பட்ட ஐ.யு.இ. போன்ற விண்கலங்களும், பின்னர் ஹப்பிள் தொலைநோக்கியும் வேண்டியிருந்தன. ஆனால் மிகத் தொலைவிலிருந்து, அதாவது பிரபஞ்சத்தின் இளம்பருவத்திலிருந்து, வரும் ஒளியோ, விரியும் பிரபஞ்சத்தினூடே பிரயாணம் செய்கையில் ஐந்து மடங்கு நீண்டு, 1240 என்பது 6200 ஆகி, பூமியிலிருந்தே காணத்தக்க செம்மஞ்சள் ஒளியாக வந்து சேருகிறது.

கோட்டின் பிரகாசத்தை மட்டும் கொண்டு மூலகத்தின் அளவைச் சொல்லிவிட முடியாது. வாயுவின் உஷ்ணமும் அடர்த்தியும் அதில் கலந்திருக்கின்றன. எனவே இரண்டு கோடுகளின் விகிதத்தைப் பார்க்கிறார்கள். நக்ஷத்திரங்களுக்குள் முன்பே இருக்கும் கார்பனிலிருந்தும் ஆக்ஸிஜனிலிருந்தும் நைட்ரஜனின் பெரும்பகுதி உண்டாவதால், கார்பனும் ஆக்ஸிஜனும் இரட்டித்தால் நைட்ரஜன் ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஆகவே கார்பனுக்கு எதிரே நைட்ரஜனை நிறுத்திப் பார்த்தால், எத்தனை தூரம் சாம்பல் சேர்ந்திருக்கிறது என்பது புலனாகும்.

இவ்வழியில் 1990-களில் ஆராய்ந்த பிரெட் ஹாமனும் கேரி பெர்லண்டும் கண்ட முடிவு வியப்பூட்டுவது. பிரபஞ்சத்துக்குச் சுமார் 150 கோடி வயதே ஆகியிருந்த காலத்துக் குவாசார்களிலும், சூரியனில் உள்ள அளவுக்கு, அல்லது அதனினும் மிகுதியாக, இம்மூலகங்கள் நிறைந்திருந்தன! நமது சூரியன் பிறப்பதற்கு 700 கோடி ஆண்டுகளுக்கும் முன்பாகவே, அந்த அண்டங்களின் நடுவில் நக்ஷத்திரத் தலைமுறைகள் தோன்றி, எரிந்து, அடுப்பையும் அவித்துவிட்டுப் போயிருந்தன.