பழைய சான் ஸ்டார்ம் வாங்குமுன்

1998இல் வெளிவந்த சான் ஸ்டார்ம், இந்தியாவில் உருவான அரிய இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். அதன் வெளிக்கூடு ஃபைபர் எனப்படும் கண்ணாடியிழையால் ஆனதால் துருவே பிடிக்காது என நம்புவோர், அடியிலுள்ள எஃகுப் பாகங்களைக் குனிந்து பார்ப்பதில்லை. இதனினும் ஆபத்தானது, ரெனோ நிறுவனத்தின் 1.2 லிட்டர் எஞ்சினில் வால்வுகளின் அசைவைப் பிஸ்டனின் ஓட்டத்தோடு இணைக்கும் டைமிங் பெல்ட். ஆண்டுக்கணக்காக ஓடாமல் நின்ற வண்டியிலும் அந்த ரப்பர் பட்டை வெயிலின் வெப்பத்தாலும் வயதாலும் விறைத்து வெடிக்கும். அது அறுந்தால் எஞ்சின் அக்கணமே நின்றுவிடும், பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்தும் போகும். பெட்ரோல் குழாய்களும், ஈரத்தை உறிஞ்சும் இயல்புடைய பிரேக் ஆயிலும் உடனே மாற்றத்தக்கவை. உற்பத்தி நின்றுவிட்ட வண்டிக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது என்பதால், முன்பணம் கொடுக்குமுன் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.