பாலைவன ஊரில் ஹலாலாகவும் வயிறாரவும் சாப்பிடுவது எப்படி?

"ஹஜ்ரத், லீவுல குடும்பத்தோட ராஜஸ்தான் போறோம். அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றது?"

நெய்வேலியில் இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் என்.எல்.சி. நிறுவனத்துக்கு ராஜஸ்தான் மாநிலம் பிகானேர் அருகே பர்சிங்சரில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் 250 மெகாவாட் அனல் மின் நிலையமும் உள்ளன. அங்கே பணி மாறுதலில் போனவர்களைப் பார்க்கச் செல்லும் குடும்பங்கள், அப்படியே சுமார் 330 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஜெய்சல்மேருக்கும் ஒரு நடை போய்விட்டு வர விரும்புகின்றன. 1156-ல் ராவல் ஜெய்சல் உருவாக்கிய மஞ்சள் கல் கோட்டை, மணல்மேடு, ஒட்டகச் சவாரி என்று பிள்ளைகள் கனவு காணும் ஊர் அது.

ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் நம்மவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் கேட்கக் கூச்சப்பட்டு, மேசைக்கு வந்ததைச் சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்பிய பிறகு மனம் உறுத்தி நிற்கிறார்கள். வேறு சிலர் எதைத் தொட்டாலும் ஹராமோ என்று அஞ்சி, மூன்று நாளும் பிஸ்கட்டையும் சிப்ஸையும் தின்று குடும்பத்தையே வாட்டுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் பெரியவர்களுக்கு இது விளையாட்டுக் காரியம் அல்ல. இரண்டு தடுமாற்றத்துக்கும் மருந்து ஒன்றுதான்: எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது.

முதலில் அந்த மண்ணின் உணவை அறிவோம்

ஜெய்சல்மேரில் மழை மிகக் குறைவு. தண்ணீரும் பசுங்காய்கறியும் அரிதாக இருந்த காலத்தில் அந்த மக்கள் உலர வைத்த காய், தானிய மாவு, பால், மோர், நெய் ஆகியவற்றைக் கொண்டே சமையலை அமைத்துக்கொண்டார்கள். கேர் சாங்ரி என்ற கறியை எடுத்துக்கொள்ளுங்கள். கேர் என்பது முள்புதரில் காய்க்கும் சிறு காய். சாங்ரி என்பது வன்னி மரத்தின் காய். நம் பக்கத்திலும் உள்ள அதே வன்னிதான் ராஜஸ்தானின் மாநில மரம். இரண்டையும் காயவைத்துப் பத்திரப்படுத்தி, ஊறவைத்துச் சமைக்கிறார்கள்.

கட்டே என்பது கடலை மாவை உருட்டி வேகவைத்து, துண்டு போட்டு, மோர்க் குழம்பில் சேர்ப்பது. தால் பாட்டி என்பது பருப்புடன் நெய்யில் தோய்த்த சுட்ட கோதுமை உருண்டை. பாஜ்ரா ரொட்டி என்பது நம் கம்பில் செய்ததுதான். கம்பங்கூழ் குடித்து வளர்ந்த கடலூர் மாவட்டத்தாருக்கு அந்த ருசி அந்நியமாக இருக்காது.

அங்கே சைவ உணவகங்கள் அதிகம். வணிகத்தில் சிறந்த ஜைன சமூகம் நூற்றாண்டுகளாக வாழும் ஊர் அது. கோட்டைக்குள்ளேயே பழமையான ஜைனக் கோயில்கள் உள்ளன. ஆகவே நல்ல சைவச் சாப்பாடு கிடைப்பது சிரமம் இல்லை. ஊர் போய் இறங்கியதும் "பிரியாணி எங்கே?" என்று அலைவதைவிட, அந்த மண்ணில் விளைந்ததை அந்த மக்கள் சமைக்கும் விதத்தில் சாப்பிடுவதே வயிற்றுக்கும் பைக்கும் நல்லது. உள்ளூர் குடும்பங்கள் உட்கார்ந்து சாப்பிடும் தாலி உணவகத்தில் ரொட்டி சூடாக வரும். பருப்பும் காயும் அன்றன்றைக்குச் செய்ததாக இருக்கும். பத்து நாட்டு உணவுகளை எட்டுப் பக்க மெனுவில் அச்சிட்டு வைத்திருக்கும் இடத்தில் அந்த நம்பிக்கை கொள்ள முடியாது. அத்தனை வகையையும் எந்தச் சமையலறையும் அன்றாடம் புதிதாகச் செய்வதில்லை.

இறைச்சிக்குக் கேட்க வேண்டிய கேள்வி

ராஜஸ்தானில் பெயர் பெற்ற இறைச்சிக் கறி லால் மாஸ். சிவப்பு மிளகாயில் செய்யும் ஆட்டுக்கறி. சுற்றுலாப் பயணிகள் தேடிப் போய்ச் சாப்பிடுவது இது. இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ராஜபுத்திர சமூகத்தில் ஒரே வெட்டில் தலையைத் துண்டிக்கும் ஜட்கா முறை வழக்கத்தில் உள்ளது. ஆகவே பலகையில் "மட்டன்" என்று இருப்பதை மட்டும் வைத்து ஹலால் என்று முடிவு செய்ய முடியாது.

உணவகத்தின் சுவரில் தொங்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் இதற்குச் சான்றாகாது. அது சுத்தம், தரம் சம்பந்தப்பட்ட உரிமம். அறுப்பு முறையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

"யே ஹலால் ஹை?" என்று பரிமாறுபவரிடம் கேட்டால், வாடிக்கையாளரை இழக்க விரும்பாத யாரும் தலையாட்டிவிடுவார். அதனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "கோஷ்த் கஹாங் சே ஆதா ஹை?" இறைச்சி எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று பொருள். முஸ்லிம் கசாப்புக் கடையிலிருந்து வாங்குபவர் கடையின் பெயரையோ தெருவையோ தயங்காமல் சொல்வார். பதில் மழுப்பலாக வந்தால், முகம் சுளிக்காமல் பருப்பும் ரொட்டியும் சொல்லிவிடுங்கள்.

முஸ்லிம் நடத்தும் உணவகம் என்று தெரிந்துவிட்டால் துருவித் துருவி விசாரிக்கத் தேவையில்லை. புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்கள் கொண்டுவந்த இறைச்சியில் பிஸ்மில்லாஹ் சொல்லப்பட்டதா என்று தெரியாத நிலையைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, நீங்கள் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. முஸ்லிமின் அறுப்பைப் பற்றி நல்லெண்ணம் கொள்வதே அடிப்படை. அறுத்தவர் யார் என்றே தெரியாத இறைச்சியில் அந்த அடிப்படை இல்லாததால் அங்கே பேணுதல் வேண்டும்.

யாரிடம் கேட்பது?

டாக்ஸி ஓட்டுநரிடமும் விடுதி வரவேற்பறையிலும் கேட்டால், கமிஷன் கிடைக்கும் உணவகத்தைச் சொல்லிவிட வாய்ப்புண்டு. நமக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜெய்சல்மேர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் முஸ்லிம்கள். பள்ளிவாசலில் ஒரு வக்து தொழுதுவிட்டு, வெளியே வரும் பெரியவரிடம் ஸலாம் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளோடு வந்திருக்கிறோம், தமிழ்நாடு என்று சொன்னால் போதும். எந்தக் கடையில் இறைச்சி வாங்கலாம், எங்கே குடும்பத்தோடு உட்காரலாம் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும்.

இன்னொருவரும் இருக்கிறார். பாலைவன முகாம்களிலும் கோட்டை வாசலிலும் கமாய்ச்சா வாசித்துப் பாடும் மாங்கணியார் கலைஞர்கள் பரம்பரையாக முஸ்லிம்கள். பலர் இதை அறியாமல் அவர்களோடு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களிடம் "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அதைவிட நேரான வழிகாட்டுதல் கிடைப்பது அரிது.

சைவம் என்றால் கவலையே இல்லையா?

சகோதர சமயத்தவர் சமைத்த காய்கறி, பருப்பு, பால் உணவு நமக்கு ஆகுமானதே. முழுச் சைவ உணவகத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம். சைவமும் அசைவமும் ஒரே சமையலறையில் நடக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. ஹலால் அல்லாத இறைச்சி பொரித்த அதே எண்ணெயில் பக்கோடா பொரிக்கப்படலாம். அதே கரண்டி பருப்பிலும் விழலாம்.

ஜெய்சல்மேரில் குறிப்பாக எச்சரிக்க வேண்டிய பொருள் பாங். கஞ்சாச் செடியின் இலையிலிருந்து எடுக்கும் போதைப்பொருள் இது. கோட்டை வாசலுக்கு அருகிலேயே அரசு அனுமதி பெற்ற பாங் கடை உண்டு. லஸ்ஸியிலும் பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் அதைக் கலந்து விற்கிறார்கள். வெயிலில் அலைந்து தாகத்தோடு வரும் பிள்ளை "ஸ்பெஷல் லஸ்ஸி" என்ற பலகையைப் பார்த்தால் கேட்கத்தான் செய்யும். "ஸ்பெஷல்" என்ற சொல்லைப் பார்த்தாலே விலகிவிடுங்கள். லஸ்ஸி வேண்டுமானால் பால்கடையில், "சாதா லஸ்ஸி, பினா பாங்" என்று கேட்டு, கண்முன்னே கடையச் சொல்லி வாங்குங்கள்.

மணல்மேட்டு முகாமில் இரவுச் சாப்பாடு

ஊரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி சாம் மணல்மேடு இருக்கிறது. கூடாரம், ஒட்டகச் சவாரி, ஆடல் பாடல், இரவுச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே கட்டணமாக வாங்குவார்கள். இருட்டிய பிறகு அங்கே சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் ஓடிப்போய் வாங்க ஊர்க்கடை கிடையாது. ஆகவே முன்பணம் கட்டும் முன்பே நான்கு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். இறைச்சி எங்கிருந்து வருகிறது? சைவச் சாப்பாடு தனிச் சமையலா? சாப்பிடும் இடத்தில் மது பரிமாறப்படுமா? குடும்பத்துக்குத் தனியாக, ஆட்ட மேடையை விட்டுத் தள்ளி உட்கார இடம் உண்டா? பதில்களைக் கைப்பேசியில் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொண்டால் அங்கே போய் வாக்குவாதம் வராது.

நேரமும் வயிறும்

ஜெய்சல்மேர் நமக்கு வெகு மேற்கே இருப்பதால் லுஹர் நேரம் நெய்வேலியைவிடச் சுமார் அரை மணி நேரம் பிந்தும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்கவே காலை 7 மணி தாண்டிவிடும். நம் வீட்டில் ஏழரைக்கு இட்லி சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு அங்கே அந்த நேரத்தில் கடை திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முந்தின இரவே பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போடும் பெரியவர்களுக்கு இது கட்டாயம். ரமளான் குளிர்காலத்தை நோக்கி நகர்ந்து வரும் இந்த ஆண்டுகளில், பயணத்தில் நோன்பு வைக்க விரும்புவோர் ஸஹர், இஃப்தார் நேரங்களை உள்ளூர்ப் பள்ளிவாசல் அட்டவணையைப் பார்த்தே கடைப்பிடிக்க வேண்டும்.

பிகானேரிலிருந்து ஜெய்சல்மேர் போகும் சாலையில் பலோதி, போக்ரான் ஆகியவையே சொல்லிக்கொள்ளும் ஊர்கள். இடையில் நீண்ட வெறும் நிலம். தண்ணீரைப் புறப்படும்போதே நிறைய ஏற்றிக்கொள்ளுங்கள். தாபாவில் நின்றால் அடுப்பிலிருந்து நேராக வரும் பருப்பும் ரொட்டியும் போதும்; நறுக்கி வைத்த வெங்காயம், வெள்ளரியைத் தவிர்த்துவிடுங்கள். காரம் தாங்காத பிள்ளைகளுக்கு "மிர்ச்சி கம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிகானேரில் பிள்ளைகளை மகிழ்விக்க ஓர் இடம் உண்டு. 1984-ல் தொடங்கப்பட்ட தேசிய ஒட்டக ஆராய்ச்சி மையத்தில் ஒட்டகப் பாலில் செய்த குல்பியும் தேநீரும் கிடைக்கும். ஊருக்குக் கொண்டுவர பிகானேரி புஜியா இருக்கிறது. நரிப்பயறு மாவில் செய்யும் அந்தக் காரத்துக்கு 2010-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பேணுதலும் நளினமும்

ஒன்றை நினைவில் வையுங்கள். நாம் கேட்கும் விதமும் மார்க்கத்தின் ஒரு பகுதிதான். முழுச் சைவ விடுதியில் தங்கிக்கொண்டு வெளியிலிருந்து இறைச்சிப் பொட்டலத்தை அறைக்குள் கொண்டு போவது அவர்கள் மனதைப் புண்படுத்தும். நம் உணவு நெறியை அவர்கள் மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் நாம், அவர்களுடையதை மதிக்க வேண்டாமா?

பிள்ளைகள் இதைப் பார்க்கிறார்கள். அத்தா சிரித்த முகத்தோடு விசாரித்து, ஹலால் என்று தெரிந்ததை வாங்கி, தெரியாததை அமைதியாக விட்டு விலகுவதைப் பார்க்கும் பிள்ளை, நாளை படிக்கவோ வேலைக்கோ தனியாக எந்த ஊருக்குப் போனாலும் அப்படியே நடந்துகொள்ளும். ஒரு மணி நேர பயான் சொல்லித் தராததை ஒரு வேளைச் சாப்பாடு சொல்லித் தந்துவிடும்.

நம் பயணங்களையும் நம் உணவையும் அல்லாஹ் தூய்மையானதாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.