பழியின் எல்லை: ஒரு சீன அசைவூட்டத் தொடர்

அசைவூட்டப் படம் என்றதும் சிறுவர்க்குரியது என ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தை மாற்றவல்லது 'மோ தாவ் சூ ஷி' என்னும் சீனத் தொடர். மோ சியாங் தோங் சியு என்னும் புனைபெயருடைய எழுத்தாளரின் புதினத்தைத் தழுவிய இது, 2018, 2019, 2021 ஆகிய ஆண்டுகளில் மூன்று பருவங்களாக, 35 பகுதிகளில் வெளிவந்தது.

மந்திரக் கலை பயின்ற குடிகள் கோலோச்சும் கற்பனைச் சீனம் அது. அங்கே அனைவராலும் வெறுக்கப்பட்டு மாண்டவன் வேய் வூசியன். 13 ஆண்டுகளுக்குப்பின், உறவினரால் இழிவுபடுத்தப்பட்ட ஓர் இளைஞன் தன் உடலையே விலையாகக் கொடுத்து அவன் ஆவியை அழைக்கிறான். தன் பொருட்டுப் பழி தீர்க்க வேண்டுகிறான். அங்கிருந்து கதை பின்னோக்கிச் செல்கிறது. வென் குடியினர் வேய் வூசியன் வளர்ந்த தாமரைத்துறையைச் சூறையாடி, வளர்த்தோரைக் கொன்று, அவனைப் பிணக்குன்றில் வீசுகின்றனர். மூன்று திங்கள் கழித்துப் புல்லாங்குழலோடு மீளும் அவன், இறந்தோரை எழுப்பித் தன் பகைவனைச் சிறுகச் சிறுகக் கொல்கிறான். இருள் செறிந்த அக்காட்சியில் நம் மனமும் அவன் பக்கமே நிற்கிறது, மறைப்பதற்கில்லை.

தொடரின் வன்மை அதன் பின்னரே புலப்படுகிறது. போரில் வென்ற குடிகள், வென் என்னும் பெயர் தாங்கிய குற்றத்துக்காகவே முதியோரையும் மழலையையும் முகாமில் அடைத்து வதைக்கின்றன. தாமரைத்துறை வீழ்ந்த நாளில் வேய் வூசியனுக்குப் புகலிடம் தந்தோர் அக்குடியின் அக்காள் வென் சிங்கும் தம்பி வென் நிங்குமே. பழி தீர்த்தபோது போற்றப்பட்டவன், இவர்களைக் காக்க முனைந்தபோது உலகுக்கே பகைவனாகிறான்.

இது வெறும் கற்பனையன்று. ஒருவன் குற்றத்துக்கு உறவினரையும் தண்டிப்பது சீனப் பேரரசுச் சட்டத்தில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1402இல் அரியணையைக் கைப்பற்றிய யோங்லெ பேரரசனுக்காக ஆணை எழுத மறுத்தார் அறிஞர் ஃபாங் சியாவ்ரு. அவரோடு உற்றாரும் மாணாக்கரும் மாண்டனர். 873 பேர் என்பது மரபுவழிச் செய்தி. அச்சட்டம் நீங்கியது 1905இல்தான். கொலைப்பழி கொன்றவனைக் கடந்து செல்லலாகாது எனக் கேட்டு வளர்ந்த நமக்கு, இத்தொடர் அயலாகத் தோன்றவில்லை.

வென் குடியின் அம்மழலையை லான் வாங்ஜி மீட்டெடுக்கிறான். லான் குடியின் வெள்ளாடை அணிந்து, வேறு பெயரில், தன் குலமறியாது அவன் வளர்கிறான். மீண்டுவந்த வேய் வூசியன் முதற்பகுதியில் எதிர்கொள்ளும் இளைஞர் கூட்டத்தில் அவனும் நிற்கிறான். அப்போது நாம் அதை அறியோம்.