மேடை யாருக்குச் சொந்தம்?

நூறு ஆண்டுகளுக்கு முன் ஹார்லெம் கறுப்பர்கள் கேட்ட கேள்வி, ஆந்திர எல்லையின் பாரதத் திடல்களிலும் பறை முழங்கும் சேரிகளிலும் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. பாயில் சுருண்டு கிடந்த குழந்தைகளைத் தாய்மார்கள் தட்டி எழுப்புகிறார்கள். முகவீணை கிறீச்சிட, ஆர்மோனியம் சுருதி ஏற்ற, திரைக்குப் பின்னாலிருந்து துச்சாதனன் துள்ளிக் குதித்து வருகிறான். அதுவரை ஊர்ப் பெரிய மனிதர்களையே கிண்டலடித்துக் கொண்டிருந்த கட்டியக்காரன் வாயை மூடிக்கொள்கிறான். சபை நடுவே இழுத்து வரப்பட்ட திரௌபதி தன் கேள்வியைக் கேட்கிறாள்: தன்னையே தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை?

கோடை பிறந்துவிட்டால் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் எல்லையோர ஊர்களில் இது பழகிப்போன காட்சி. தர்மராஜா கோயில் என்றும் திரௌபதி அம்மன் கோயில் என்றும் அழைக்கப்படும் சன்னதிகளின் முன் பல ஊர்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. ஊருக்குத் தகுந்தபடி தெலுங்கில் ‘வீதி நாடகம்’, தமிழில் ‘தெருக்கூத்து’. ஆட்டமும் அடவும் ஒன்றுக்கொன்று உறவு. பாட்டின் மொழிதான் மாறும்.

மொழி மாறுவதில் வியப்பில்லை. வரதய்யபாளையம், சத்தியவேடு வட்டாரம் இரண்டு மொழிகளும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் மண். 1960 ஏப்ரலில் படாஸ்கர் பரிந்துரைப்படி எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் கிராமங்கள் பல ஆந்திரத்துக்குப் போயின. அப்படிப் பிறந்ததுதான் சத்தியவேடு தாலுகா. 2022 ஏப்ரலில் இப்பகுதி சித்தூரிலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடுகளை வரைந்தவர்கள் கூத்தைக் கேட்டு வரையவில்லை. கூத்தும் கோடுகளைப் பார்த்து நிற்கவில்லை.

இந்தக் கலையை நடத்துவது யார்? அரசோ, சபாவோ, ஸ்பான்சர் கம்பெனியோ அல்ல. தலைக்கட்டு வரி வசூலித்து, தாம்பூலம் வைத்து, முன்பணம் கொடுத்து ‘ஜமா’வை அழைத்து வருவது ஊர். ஆடுபவர்களும் பெரும்பாலும் எளிய சாதிகளைச் சேர்ந்தவர்களே. டிக்கெட் இல்லை, கேட் இல்லை. மக்களே நடத்தும் தியேட்டர் என்று உலகம் எதைத் தேடிக்கொண்டிருக்கிறதோ, அது இங்கே பல தலைமுறைகளாக நடந்துவருகிறது என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் ‘ஊர்’ என்ற அந்தச் சொல்லில்தான் சிக்கல். ஊர் வேறு, சேரி வேறு என்றிருக்கும் இடத்தில் தலைக்கட்டுப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. வரி வாங்காததற்கு இரக்கம் காரணமல்ல. வரி கொடுத்தவன் உரிமை கேட்பான். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நடந்தது நாடறிந்தது. அங்குள்ள தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித்துகள் நுழைய எதிர்ப்புக் கிளம்பி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். நீதிமன்றப் படியேறி, 2025 ஏப்ரலில்தான் எல்லோருக்குமாகக் கதவு திறந்தது. சபையில் நீதி கேட்டவளின் சன்னதியே நீதிக்காகக் காத்திருந்தது.

ஹார்லெமின் நான்கு நிபந்தனைகள்

இதே சிக்கலை அமெரிக்காவின் கறுப்பர்கள் வேறு வடிவத்தில் சந்தித்தார்கள். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு கறுப்பர்களாக வேஷம் கட்டிக் கேலி செய்த ‘மின்ஸ்ட்ரல்’ ஆட்டங்கள்தான் அங்கே நீண்டகாலம் கறுப்பர்களின் வாழ்க்கை என்று மேடையேறின. 1926ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு பொது நூலகத்தின் அடித்தளத்தில் கிரிக்வா என்ற சிறு நாடகக் குழு தொடங்கியது. அதன் பின்னால் இருந்த அறிஞர் டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ் நான்கு நிபந்தனைகளை வைத்தார். கறுப்பர் நாடகம் கறுப்பர்களின் வாழ்க்கையைப் பற்றியதாக இருக்க வேண்டும். அவர்களே எழுத வேண்டும். அவர்களுக்காக நடக்க வேண்டும். அவர்கள் குடியிருக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டும்.

நான்காவது நிபந்தனைதான் மற்றவற்றைவிடக் கூர்மையானது. கலை மக்களைத் தேடி வர வேண்டும், மக்கள் பஸ் பிடித்துப் போய் அடுத்தவர் வாசலில் நிற்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

அடுத்த தலைமுறை இதை இன்னும் சூடாகச் சொன்னது. மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட 1965ல் கவிஞர் அமிரி பராகா ஹார்லெமில் ஒரு நாடகப் பள்ளியைத் தொடங்கினார். தெருவிலேயே நாடகம் போட்டார்கள். பணம் வந்த வழி அடைபட்டதும் பள்ளி வெகுகாலம் நிற்கவில்லை. 1967ல் தோன்றிய நீக்ரோ என்செம்பிள் கம்பெனி, நடிகர்களையும் நாடகாசிரியர்களையும் பயிற்றுவித்துக் காலூன்றியது. 1996ல் நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன் பிரின்ஸ்டனில் ஒரு கணக்கை எடுத்துவைத்தார். நாட்டின் முக்கிய வட்டார நாடக அரங்குகளின் கூட்டமைப்பில் இருந்தவை 66; அவற்றில் கறுப்பர் அரங்கு என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று. திறமையில் குறையில்லை, கட்டடமும் கல்லாவும் யார் கையில் என்பதே பிரச்னை என்றது அந்தக் கணக்கு.

பலி ஆடுகளின் பதில்

கறுப்பர் எழுச்சியின் சூடு இந்தியாவுக்கு வந்து சேர நெடுநாள் ஆகவில்லை. பிளாக் பாந்தர் இயக்கத்தின் பெயரை நினைவூட்டும் தலித் பாந்தர் இயக்கம் 1972ல் பம்பாயில் பிறந்தது. தமிழில் தலித் எழுத்தும் கலையும் தனிக்குரலாக ஒலிக்க அம்பேத்கர் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

அந்தக் குரலுக்கு மேடையில் உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கே. ஏ. குணசேகரன். இளையான்குடி அருகே மாரந்தையில் 1955ல் பிறந்தவர். ‘தன்னானே’ கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடி வந்தவர். இன்குலாபின் ‘மனுசங்கடா’ பாடலைத் தமிழகத்தின் தெருக்கள்தோறும் கொண்டுபோனது அவர் குரல். 1990களில் மேடையேறிய அவரது ‘பலி ஆடுகள்’, தமிழின் முதல் தலித் நாடகமாகக் கருதப்படுகிறது. பலியிடத் தேர்ந்தெடுக்கப்படும் தலித் ஆண், தான் தப்பிக்கத் தன் மனைவியை முன்னிறுத்துகிறான். ஒடுக்கியவர்களைச் சாடியதோடு நிறுத்தாமல், ஒடுக்கப்பட்ட வீட்டுக்குள் இருக்கும் ஆணையும் கூண்டில் ஏற்றியது நாடகம். தன் மக்களுக்காகவே எழுதுகிறவன் தன் மக்களை முகஸ்துதி செய்ய வேண்டியதில்லை என்பதற்கு இது சாட்சி. புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகப் பேராசிரியராக இருந்த குணசேகரன் 2016 ஜனவரியில் மறைந்தார்.

திண்டுக்கல் பக்கம் சகோதரி சந்திரா 1990ல் தொடங்கிய சக்தி கலைக்குழு வேறொரு பூட்டை உடைத்தது. பறை சாவு வீட்டுக்குரியது, ஆண்கள் அடிக்க வேண்டியது, கூலி என்று கிடைப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியது என்பதெல்லாம் எழுதாத சட்டம். அந்தப் பறையைத் தலித் பெண்களின் தோளில் மாட்டியது சக்தி. இழிவு என்று சொல்லிக் கட்டாயப்படுத்தி அடிக்க வைத்த கருவியைத் தூக்கி எறிவதா, தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவதா என்ற விவாதம் தலித் இயக்கங்களுக்குள் இன்றும் ஓயவில்லை. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. சக்தி இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது.

பெயரில் என்ன இருக்கிறது?

நிறையவே இருக்கிறது என்று வாதிட்டவர் பெருங்கட்டூர் பி. ராஜகோபால். தந்தை பொன்னுசாமியின் ஜமாவில் சிறுவனாகவே வேஷம் கட்டியவர். ‘தெருக்கூத்து’ என்ற பெயர், கலையைத் தெருவில் நிறுத்திச் சிறுமைப்படுத்துகிறது என்பது அவர் கட்சி. கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம் என்று மரத்தில் செதுக்கிய ‘கட்டை’களை அணிந்து ஆடுவதால் ‘கட்டைக்கூத்து’ என்றே அழைக்க வேண்டும் என்றார். மறுப்பவர்களும் உண்டு. தெரு என்பது இழிவல்ல, அதுதான் பெருமை என்பது அவர்கள் வாதம். ‘நீக்ரோ’ நாடகமா, ‘கறுப்பர்’ நாடகமா என்று ஹார்லெமில் நடந்த தர்க்கத்துக்கு இது உடன்பிறப்பு. தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை பற்றிய சண்டை அது.

பெயரோடு ராஜகோபால் நிற்கவில்லை. ஜமா முதலாளியிடம் முன்பணம் வாங்கிவிட்டு சீசன் முழுக்க அவருக்குக் கட்டுப்பட்டு ஆடுவது கூத்துக்காரர்களின் வழக்கமான நிலை. சங்கமாகத் திரண்டால்தான் மரியாதையும் கூலியும் என்று, 1990ல் கலைஞர்களே சேர்ந்து கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தார்கள். 2002ல் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ராஜகோபாலும், அவர் மனைவியும் ஆய்வாளருமான ஹன்னே டி ப்ரூயினும் குருகுலம் தொடங்கினார்கள். படிப்பா, கூத்தா என்று பிள்ளைகள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவலத்தை மாற்ற, காலையிலும் மாலையிலும் இரண்டையும் சொல்லிக்கொடுத்தது குருகுலம். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த ஆட்டத்தில் பெண்பிள்ளைகள் துரியோதனனாகவும் பீமனாகவும் கால் பதித்தார்கள். டி. எம். கிருஷ்ணாவின் கர்நாடக சங்கீதத்தோடு அதே மேடையில், அதே மரியாதையோடு கூத்தும் ஏறியது.

2020ல் குருகுலம் மூடப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் வந்த கொரோனா ஊரடங்கு, கூத்து சீசன் உச்சத்துக்கு வரும் மாதங்களைத் துடைத்துப் போட்டது. மறு ஆண்டுக் கோடையும் அப்படியே போயிற்று. மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு சீசன் போனால் ஆண்டே போனது. பராகாவின் பள்ளி சொன்ன அதே பாடம்: கலை பிழைக்க ஆர்வம் மட்டும் போதாது.

செய்யாறு பக்கத்துப் புரிசை வேறு பாதையில் போனது. கண்ணப்பத் தம்பிரானிடம் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறைக்காரர்கள் பாடம் கேட்டார்கள். பாரதக் கதைகளோடு காப்ரியேல் கார்சியா மார்க்வெஸின் கதையும் புரிசைக்காரர்களின் கூத்தாயிற்று. வெளியிலிருந்து வந்தவர்களிடம் கலையைக் கொடுத்துவிடாமல், அவர்களைத் தங்கள் ஊருக்கு வரவழைத்தது புரிசை.

இந்தியாவில் கறுப்பர் அரங்குக்கு மிக நெருங்கிய உறவு எது என்று கேட்டால், அகமதாபாத்தின் சாராநகரைக் காட்டலாம். 1871ன் குற்றப் பரம்பரைச் சட்டம் முத்திரை குத்திய சாரா சமூகத்தவர் வாழும் பகுதி அது. சட்டம் 1952ல் ஒழிந்தும் போலீஸின் சந்தேகம் ஒழியவில்லை. 1998 பிப்ரவரியில் மேற்கு வங்கப் புருலியாவில் புதன் சபர் என்ற பழங்குடி இளைஞர் காவலில் இறந்தார். அந்தச் சாவையே நாடகமாக்கி அதே ஆண்டு சாராநகர் இளைஞர்கள் தொடங்கியதுதான் புதன் தியேட்டர். மஹாஸ்வேதா தேவியும் கணேஷ் தேவியும் துணை நின்றார்கள். ஆனால் நடித்ததும் நடத்துவதும் அவர்களே. அடி வாங்கியவர்களே அடித்தவர் வேஷத்தையும் கட்டியதுதான் அதன் வலிமை.

விருதும் விடியலும்

2025ல் மத்திய அரசு அறிவித்த பத்மஸ்ரீ பட்டியலில் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்துக் கவனிக்கத்தக்கவை: தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன், பறைக்காக மதுரை வேலு ஆசான். அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘ஜமா’ திரைப்படம், பெண் வேஷம் கட்டும் கூத்துக் கலைஞனின் கதையையும், ஜமாவுக்கு யார் வாத்தியார் என்ற போட்டியையும் தியேட்டருக்குக் கொண்டுவந்தது. காலம் மாறுகிறது என்பதற்கு இவை அடையாளம்தான்.

ஆனால் விருது டெல்லியில் கிடைக்கிறது. கூலி ஊரில் கிடைக்க வேண்டும். வரதய்யபாளையம், சத்தியவேடு மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில் நகரம் எழுந்துவிட்டது. விடிய விடிய மத்தளம் தட்டியவன் காலை ஷிப்டுக்குப் பஸ் ஏற முடியாது. விடிய விடிய பார்த்தவனும் முடியாது. மாதச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கும் பதினெட்டு இரவு கேட்கும் பாரதத்துக்கும் நடுவே ஓர் இளைஞன் கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை. அதிலும், கூத்தாடி என்ற ஏச்சைக் கேட்டே வளர்ந்தவனுக்குக் கம்பெனியின் அடையாள அட்டை சம்பளம் மட்டுமல்ல, விடுதலையும்கூட. கலையைக் காப்பாற்றச் சொல்லும் யாரும் அவனிடம் அந்த ஏச்சைத் திரும்பச் சுமக்கச் சொல்ல முடியாது. மரியாதையோடு கூத்தைக் கொடுத்தால்தான் அவன் திரும்பி வருவான்.

கடைசி நாள் காலை படுகளம். திடலில் மண்ணைக் குழைத்து ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு நீளத்தில் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் சுற்றிச் சுற்றி வந்து தொடையில் அடிப்பான். பதினெட்டு நாளாக விரித்த கூந்தலைத் திரௌபதி அள்ளி முடிவாள். மாலையில் தீமிதி. அதோடு பாரதம் முடிந்துவிடும்; சேலையும் கட்டையும் பெட்டிக்குள் போகும்; ஜமா அடுத்த ஊருக்கு லாரி ஏறும்.

சபையில் அவள் கேட்ட கேள்விக்கு பீஷ்மரும் துரோணரும் பதில் சொல்லவில்லை. அதைக் கேட்க ஊரும் சேரியும் ஒரே பாயில் உட்காரும் ஆண்டில்தான் அந்தக் கூத்து உண்மையில் மக்களின் கூத்து.